கஞ்சி கொண்டுவந்தவளுக்குப் பேர் இல்லை

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

இன்று வாசகர் வட்டத்துக்கு வந்தவர்கள்: நூலகர் பொன்னுவேல் சார். தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற நல்லசாமி அண்ணன். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி. ஏரிக்குப் போகும் ரோட்டில் சாக்லேட் கடையில் வேலை பார்க்கும் லீலா. நான். ஜன்னலுக்கு வெளியே ஒரு குரங்கு. அது உளுந்த வடைக்காக வந்தது, கணக்கில் சேர்க்கவில்லை.

வடை என் பொறுப்பு என்பதால்தான் வந்தவர்களை எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. ஆளுக்கு இரண்டு. முருகேஸ்வரிக்கு மட்டும் கூட வைக்க வேண்டும். அவள் புத்தகம் படிப்பதில்லை, கதையைக் கேட்க வருகிறாள்.

இந்த மாதம் ‘ஏழாம் எண் காட்டேஜ்’. மர்ம நாவல். நம் கொடைக்கானலில் நடக்கிற கதை என்று அட்டையில் போட்டிருந்தது. எழுதியவர் இந்த ஊரைப் போட்டோவில்தான் பார்த்திருப்பார் போல. மே மாதம் ஏரிக்கரையில் ஆள் நடமாட்டமே இல்லையாம், கொலைகாரன் ஓடுகிறானாம். மே மாதம் அந்த ரோட்டில் நடக்கவே இடம் கிடைக்காது, இவன் எங்கே ஓடினான்? ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அடுப்பில் பால் பொங்கியது இந்தப் புத்தகத்தால்தான்.

கொலைகாரனை நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். காட்டேஜ் மேனேஜர். எப்படித் தெரிந்தது என்று பொன்னுவேல் சார் கேட்டார். சொன்னேன்: “ரெண்டாம் அத்தியாயத்துலயே அவன் எல்லா ரூமுக்கும் கேக்காமலே வெந்நீர் கொண்டாந்து வைக்கிறான் சார். இந்த மாதிரிக் கதையில கேக்காமக் கொண்டாந்து குடுக்குறவங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கணும்.”

நல்லசாமி அண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப மாசாமாசம் கேக்காமலே வடை கொண்டாற உங்க மேலயும் ஒரு கண்ணு வைக்கணும் போலயேம்மா” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் லீலா பேசினாள். அவள் பேசுவதே இல்லை. வருவாள், கேட்பாள், சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் ஜெயமுருகன் போன வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது வடகவுஞ்சி பக்கத்தில் நெஞ்சு வலி வந்து ரோட்டோரத்திலேயே போய்விட்டார். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வாள் என்று நான்தான் அவளை இங்கே கூட்டி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

“அக்கா, அடுத்த மாசத்துக்கு நான் ஒரு புக்கு சொல்லட்டுமா?”

‘ஆணி இருந்த சுவர்’ என்று ஒரு நாவல். மதுரையில் வாங்கினாளாம். என்ன கதை என்று நல்லசாமி அண்ணன் கேட்டார்.

“புருஷன் செத்ததும் ஒரு பொம்பள முருகன் படத்தச் செவுத்தப் பாக்கத் திருப்பி மாட்டிர்றா சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் அது அப்படியேதான் இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். “நீங்கதான் வேகமாப் படிப்பீங்க. மொதல்ல நீங்க படிங்க. நீங்க படிக்கணும் அக்கா.”

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருக்கலாம்.

18 செப்டம்பர், வியாழன்

லீலாவின் புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். பூஜை அறை இருக்கும் பக்கம் கொண்டுபோக மனமில்லை.

அதற்குப் பதிலாக நூலகத்திலிருந்து எடுத்த ‘நாலாவது டம்ளர்’ படித்து முடித்தேன். கூட்டுக் குடும்பத்தில் மாமனாருக்கு ரசத்தில் விஷம் வைக்கிறார்கள். மிளகு ரசத்தின் காரத்தில் கசப்பு தெரியவில்லையாம். ரசம் வைத்தவர்களுக்குத் தெரியும், ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினாலே முதல் வாயில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாகற்காய்ப் பிட்லையில் வைத்திருந்தால் நம்பியிருப்பேன். எழுதியவர் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்திருக்கிறார், அடுப்படிக்குள் வரவில்லை. ஆனாலும் கடைசி இருபது பக்கம் நன்றாகப் போகிறது. மூத்த மருமகள் மேல் பழி விழும்போது பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் படித்தேன்.

பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூக்கடை. எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டு மாலை கட்ட உட்கார வைத்தார். பூ மடிக்க எடைக்கு வாங்கிய பத்திரிகைத் தாள்களில் வந்த தொடர்கதைத் துண்டுகளைத்தான் அப்போது படிப்பேன். ஒன்றுக்கும் ஆரம்பம் இருக்காது, முடிவும் இருக்காது. அதனால்தானோ என்னவோ இன்றும் ஒரு கதையின் முடிவு தெரியாவிட்டால் கை வேலை ஓடாது.

அப்படிப்பட்டவள் ஒரு புத்தகத்தைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.

25 செப்டம்பர்

இன்றும் திறக்கவில்லை. நேரமில்லை என்று எழுதினால் அது பொய்.

7 அக்டோபர், செவ்வாய்

கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள். ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று பூ கேட்டேன்.

எங்கள் வீட்டில் எதற்கும் பூ கேட்பதுதான். என் கல்யாணத்துக்கு அப்பா கேட்டார். என் வீட்டுக்காரர் பழைய வேனை விற்றுப் புதுசு வாங்கும்போது நான் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். முருகன் காலடியில் வைத்து, இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் படிக்கலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

“ஏம்மா, நாவலுக்குமா பூ?”

“எடுங்க, பேசாம.”

எடுத்தார். பிரித்தேன். வெள்ளை.

“நீங்க குளிக்கல” என்றேன்.

“ராத்திரி வந்து குளிச்சேனே!”

“அது நேத்து.”

“இந்தக் குளிருல வெள்ளனே எவன் குளிப்பான்? முருகனே மலை மேல கோமணத்தோட நிக்கிறாரு, அவருக்குத் தெரியும் குளிரு” என்றார். சிரிக்கவில்லை நான். அவர் சாவியை எடுத்துக்கொண்டு, “நீ நெனச்சது வர்ற வரைக்கும் கேப்ப போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளிக்காத கை எடுத்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான் மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பூவைப் புதுசாக மடித்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

சிவப்பு.

மனம் லேசாகிவிட்டது.

12 அக்டோபர், ஞாயிறு

வந்தவர்கள்: போன மாதம் வந்த அதே ஐந்து பேர். குரங்கு வரவில்லை. வெளியே நல்ல மழை.

எல்லோரும் உட்கார்ந்ததும் நானே எழுந்து சொன்னேன். “பூ கேட்டேன். செவப்பு வந்துச்சு. முருகன் உத்தரவு குடுக்கல. இந்தப் புக்கு நம்ம வட்டத்துக்கு ஆகாது.”

நல்லசாமி அண்ணன்தான் வாயைத் திறந்தார். “காட்டேஜுல மூணு பேர வெட்டுன கதைக்கு உத்தரவு வாங்கினீங்களாம்மா?”

“அதுல சாமி வரலையேண்ணே.”

“அதுவும் சரிதான். சாமி வந்திருந்தா அந்த மூணு பேரும் பொழச்சிருப்பாய்ங்க.”

முருகேஸ்வரி சிரித்தாள். பொன்னுவேல் சாருக்குத் தர்மசங்கடம். “சாமி வாக்குன்னு சொன்னதுக்கு அப்புறம் நாம என்ன பேசுறது? வேற புக்கு பாப்போம்” என்றார்.

புத்தகத்தை லீலாவிடம் நீட்டினேன். போட்ட அட்டையைக் கூடக் கழற்றவில்லை.

“எத்தன பக்கம் படிச்சீங்க அக்கா?”

“தொறக்கவே இல்ல லீலா. உத்தரவு இல்லாமத் தொறக்கக் கூடாதுல்ல.”

அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. எனக்கே கேட்டது.

“சரிக்கா” என்றாள். வடையைத் தொடாமல், மழை விடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

அவள் பங்கு இரண்டு வடை தாளிலேயே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யாரும் சாப்பிடவில்லை.

13 அக்டோபர்

காலையில் இவர் கேட்டார்: “கூட்டத்துல என்ன சொன்ன?”

“செவப்பு வந்துச்சுன்னு சொன்னேன்.”

“எத்தனாவது தடவன்னு சொன்னியா?”

நான் உப்பு டப்பாவைத் தேட ஆரம்பித்தேன். அது கையில்தான் இருந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பிவிட்டது. கடைவீதியில் எதிரே லீலா வந்தாள். என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நடந்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாலாவது நான் கோபப்பட்டிருக்கலாம்.

கூட வந்த முருகேஸ்வரி சொன்னாள்: “லீலா இனிமே வட்டத்துக்கு வர மாட்டாளாம்க்கா. கடையில சோலி ஜாஸ்தியாம்.” கொஞ்ச தூரம் போய், “சோலியாவது மண்ணாவது. நீ சாமியக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்ட. அவ யாரோட மல்லுக்கட்டுவா?” என்றாள்.

இவள் ஒரு புத்தகம் படித்ததில்லை.

22 அக்டோபர், புதன்

சஷ்டி விரதம் தொடங்கிவிட்டேன். பாலும் பழமும்தான்.

‘நாலாவது டம்ளர்’ திருப்பிக் கொடுக்க நூலகம் போனேன். புது வரவு அலமாரியில் ‘ஆணி இருந்த சுவர்’. நூலக முத்திரை குத்தியிருந்தது. நான் போட்ட அட்டையைக் காணோம்.

“லீலாம்மா அன்னைக்கே இங்க குடுத்துட்டுப் போயிட்டாங்க. வீட்டுல வச்சிருக்க வேணாம்னு தோணுதுன்னாங்க” என்றார் பொன்னுவேல் சார்.

கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

“உங்க பேருல எழுதிக்கட்டுமாம்மா? ஆனா உங்களுக்குத்தான் உத்தரவு...”

“முருகேஸ்வரிக்குக் கேட்டா சார்” என்றேன்.

விரத நாளில், மலை மேல் இருக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்க, இப்படி ஒரு பொய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பை கனத்தது.

24 அக்டோபர், வெள்ளி

பாதி படித்துவிட்டேன். என் அபிப்பிராயத்தை எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் பொறுமையைச் சோதிக்கிறது. ஒருவன் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன செய்தி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. யார் தள்ளிவிட்டார்கள் என்று நான் பழக்கத்தில் தேடிக்கொண்டே போனேன். யாரும் தள்ளவில்லை. கால் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு துக்க வீடு. யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யார் செருப்பு தொலைந்தது. இதற்கு எதற்கு நாவல் என்று இரண்டு தடவை மூடி வைத்தேன். மூன்றாவது தடவை மூட முடியவில்லை. செருப்பு தொலைந்தவர் அந்த வீட்டுக்காரனின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். இனி அவனுக்கு எதற்கு என்று யாரோ சொல்கிறார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் பயந்தது எதுவும் இதில் இல்லை. அவள் சாமியை ஒரு வார்த்தை திட்டவில்லை. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியது உண்மை. ஆனால் தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, அந்தப் படத்தின் முதுகுக்கு விளக்கு ஏற்றுகிறாள். ஒரு நாள் தவறாமல்.

என்னைவிடப் பக்தி அவளுக்கு. இதைத்தான் முருகன் வேண்டாம் என்றார் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன்.

25 அக்டோபர், சனி

அவள் ஏன் படத்தைத் திருப்பினாள் என்று இன்றுதான் தெரிந்தது. நடுவில், துக்க நாட்களுக்கே திரும்பிப் போய் ஒரு காட்சி வருகிறது.

பத்தாம் நாள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருகிறாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே கொண்டுவருகிறாள். நல்லவள். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறாள்: “தீர்த்தத்துல போன உசுரு. யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு? கொடுத்து வச்சவரு.” அரைப் பக்கம்தான். போய்விடுகிறாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, எழுந்து போய்ப் படத்தைத் திருப்புகிறாள்.

புத்தகத்தில் எல்லோருக்கும் பேர் இருக்கிறது. செருப்பு தொலைந்தவருக்குக் கூட. இவளுக்கு இல்லை.

எனக்கு அவளைத் தெரியும்.

போன வருஷம் தை மாதம், சுக்குக்காபி பிளாஸ்க்கோடு லீலா வீட்டுப் படியேறினேன். அவள் மூலையில் சுருண்டு கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னது: “முருகனை நெனச்சுக்கிட்டே நடந்து போன உசுரு லீலா. பூசத்துக்குப் போற வழியில. யாருக்குக் கெடைக்கும்? குடுத்து வச்சவரு உன் வீட்டுக்காரரு. நீ அழக் கூடாது.” நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன்.

அந்த பிளாஸ்க் இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. காரியம் முடிந்த வாரம் முருகேஸ்வரியிடம் சொல்லியனுப்பிக் கேட்டும் பார்த்தேன். என் பாத்திரம் பண்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

“நீங்க படிக்கணும் அக்கா” என்றாளே. அதற்குத்தான் சொன்னாளா? எத்தனை நாள் யோசித்து அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்பாள்? நேரே சொல்ல வாய் வராமல்தானே... நான் அதை அரிசி டிரம் மேல் போட்டேன்.

பாலும் குடிக்கவில்லை. இன்று முழு விரதம்.

26 அக்டோபர், ஞாயிறு

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுதாமல் நாளை சூரசம்ஹாரத்துக்குக் கோயிலுக்குப் போக முடியாது.

சின்ன வயதிலிருந்து பூ கட்டிய கை இது. அரளி மொட்டு தாளுக்குள் இருந்தாலும் விரலுக்குத் தெரியும், காம்பு குத்தும். நந்தியாவட்டை மெத்தென்று இருக்கும். அன்றைக்குச் சிவப்புக்கு அரளி, வெள்ளைக்கு நந்தியாவட்டை வைத்து நானேதான் மடித்தேன். கண்ணை மூடினேன், உண்மை. கை மூடியிருக்கவில்லை. மெத்தென்ற பொட்டலம் முதலில் பட்டது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

எடுக்கும்போதே தெரியும்.

முருகா, நீ வெள்ளை கொடுத்தாய். இவர் கையில் முதலிலேயே கொடுத்தாய்.

27 அக்டோபர்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நல்ல கூட்டம். எல்லோரும் அரோகரா என்றார்கள். நான் சந்நிதியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விபூதி வாங்கக் கை நீட்டக் கூச்சமாக இருந்தது. குருக்கள், “என்னம்மா, இந்த வருஷம் பூ கொண்டாரலையா?” என்று கேட்டார்.

30 அக்டோபர், வியாழன்

நாவலை முடித்தேன். முடிவு என்று ஒன்றும் இல்லை. படம் திரும்பவே இல்லை. வீடு மாறும்போது அவள் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகிறாள், பழைய சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. அவ்வளவுதான். மர்ம நாவலாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடு என்பேன். இதற்கு வேறு முடிவு கேட்கத் தோன்றவில்லை. முடிவு தெரியாமலே வேலை பார்க்க முடிகிறது, ஆச்சரியம்தான்.

சாயங்காலம் லீலா கடைக்குப் போனேன். கேரளாக்காரக் குடும்பம் ஒன்று சாக்லேட்டை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. லீலா கையுறை போட்டுக்கொண்டு சின்னச் சின்னத் துண்டாக வெட்டி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா வேணும்?”

“படிச்சிட்டேன் லீலா.”

கத்தி நின்றது. “உத்தரவு குடுத்துட்டாரா?”

“அவரு மொதல்லயே குடுத்துட்டாரு. நான்தான்...”

அவள் ஒரு துண்டை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “அந்தக் கஞ்சி கொண்டாந்தவளப் பத்தி என்ன நெனச்சீங்க?”

“அவளுக்குப் பேரே வைக்கல.”

“எனக்குத் தெரியும்க்கா.”

“எனக்கும் தெரிஞ்சிருச்சு லீலா.”

கேரளாக்கார அம்மா அத்திப்பழச் சாக்லேட் இருக்கிறதா என்று கேட்டார். லீலா எடுக்கத் திரும்பினாள். நான் நின்றேன். திரும்பி வந்தவள், “வேலை நேரம்க்கா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மன்னிச்சுக்க என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சும்மா வெளியே வர வெட்கப்பட்டு ஒரு பாக்கெட் சாக்லேட் வேறு வாங்கினேன். விரதம் முடிந்த வயிற்றில் அதுவும் ஒட்டவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

வந்தவர்கள்: பொன்னுவேல் சார், நல்லசாமி அண்ணன், முருகேஸ்வரி, நான். லீலா வரவில்லை. வடை அவளுக்கும் சேர்த்தே சுட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கஷ்டத்தைப் பொன்னுவேல் சார் வைக்கவில்லை. “முருகேஸ்வரிம்மா, ‘ஆணி இருந்த சுவர்’ எப்படி இருந்துச்சு?” என்றார்.

“எந்தச் செவுரு?” என்றாள் முருகேஸ்வரி.

“உங்களுக்குன்னு சொல்லித்தானே...”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மர்ம நாவலில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்களே, அப்படி இருந்தது. நல்லசாமி அண்ணன் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். முதலில் வெள்ளைப் பூதான் வந்தது. குளிக்காத கை என்று சாக்குச் சொல்லித் தள்ளினேன். இரண்டாம் தடவை விரலுக்குத் தெரிந்தே சிவப்பை எடுத்தேன். ஒரு பக்கம் கூடப் படிக்காமல் புத்தகத்தை ஆகாது என்றேன். சாமி சொல்லாததைச் சாமி சொன்னதாகச் சொன்னேன். பிறகு பொய் சொல்லிப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படித்தேன். கஞ்சிக்காரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது லீலாவுக்கும் எனக்கும் நடுவில் உள்ளது. அதை நான் கூட்டத்தில் சொன்னால் அது இன்னொரு தப்பு.



நல்லசாமி அண்ணன்தான் ஆரம்பித்தார்: “அதான் அப்பவே சொன்னேன், வடை கொண்டாறவங்க மேல ஒரு கண்ணு வைக்கணும்னு.” நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

முருகேஸ்வரிக்குத்தான் கோபம். “எம் பேர எதுக்குக்கா இழுத்த? படிக்காதவன்னு தெரிஞ்சுதானே இழுத்த? யாரும் கேக்க மாட்டாகன்னு.”

அதுவும் உண்மை. அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டது போதும், கதையச் சொல்லு” என்றாள். சொன்னேன். படத்தின் முதுகுக்கு விளக்கேற்றும் இடம் வந்ததும் அவள் வடை தின்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் அதையே பேசலாம் என்று பொன்னுவேல் சார் எழுதிக்கொண்டார்.

10 நவம்பர்

முருகேஸ்வரி இன்று பால் வாங்க என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனாள்.

13 நவம்பர்

கூப்பிட்டாள். “லீலாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றாள். நான் சொல்லச் சொல்லவில்லை. லீலா என்ன சொன்னாள் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டா.”

21 நவம்பர், வெள்ளி

நூலகத்திலிருந்து ஒரு புது மர்ம நாவல் எடுத்தேன். பேர் கூட எழுத விருப்பமில்லை. முதல் அத்தியாயத்தில் ஒருத்தி துக்கம் கேட்க வருகிறாள், இரண்டு வரி அழுகிறாள், மூன்றாவது வரியில் துப்பறிகிறவர் வந்துவிடுகிறார். செத்தவன் யார், அவன் சாப்பாட்டில் எதற்கு ஆசைப்படுவான், ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் இது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. இப்போது பிணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள முடிவு வரை போனேன். பழக்கம் விடுமா?

3 டிசம்பர், புதன்

கார்த்திகை. விளக்கெல்லாம் ஏற்றிவிட்டு முருகேஸ்வரியோடு தெருவை ஒரு சுற்று நடந்தேன். பனி இறங்கியிருந்தது, விளக்குகள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தன. லீலா வீட்டு வாசலில் இரண்டு அகல். கதவு சாத்தியிருந்தது.

உள்ளே படம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ. அது என் சோலி இல்லை என்று நடந்துவிட்டேன். போன வருஷமாக இருந்தால் உள்ளே போய்ப் பார்த்திருப்பேன், ஒரு வார்த்தை வேறு சொல்லியிருப்பேன்.

12 டிசம்பர், வெள்ளி

சாயங்காலப் பூஜை முடித்து வெளியே வந்தால் கூடத்து மேசையில் என் பிளாஸ்க்.

“லீலா வந்துச்சு” என்றார் இவர்.

“என்னக் கூப்பிட வேண்டியதுதானே?”

“நான் கூப்பிடப் போனேன். பூஜையில இருந்தா கூப்பிட வேணாம், வச்சிட்டுப் போறேன்னுச்சு.”

திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. திறந்தால் ஆவி. பால் ஊற்றாத தேத்தண்ணி. அவள் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் குடித்துப் பழகியது, அவளும் அதைத்தான் குடிப்பாள். பக்கத்தில் தாளில் சுற்றி ஒரு துண்டு கருப்பட்டி, கடித்துக்கொண்டு குடிக்க. சுற்றியிருந்த தாள் எனக்குத் தெரிந்த தாள். நான் புத்தகத்துக்குப் போட்டிருந்த அட்டை.

இவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன். “இதென்ன, பாலே இல்ல?” என்றார்.

“பேசாமக் குடிங்க” என்றேன்.

13 டிசம்பர், சனி

நாளை கூட்டம். லீலா வருவாளா என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் நந்தியாவட்டை நிறையப் பூத்திருந்தது. பறித்துச் சாமிக்குப் போட்டேன். பொட்டலம் மடிக்கவில்லை. இது அவரிடம் கேட்கிற கேள்வி இல்லை, அவளிடம் கேட்க வேண்டியது.

போனில் எழுதி அழித்து எழுதி, கடைசியில் அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘லீலா, தேத்தண்ணி குடிச்சோம். அன்னைக்கு உன் வீட்டுல நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிச்சுக்க. அது சாமி வாக்கு இல்ல, என் வாய்தான். நாளைக்கு உன் புக்கப் பத்திப் பேசுறோம். நீ வந்தா நீதான் மொதல்ல பேசணும், நான் கேட்டுக்குறேன். வர இஷ்டமில்லைன்னாலும் பரவாயில்ல, அதையும் சொல்லு. வடைக்கு உளுந்து ஊறப்போடணும், எத்தன பேருன்னு தெரியணும். வெரசா பதில் போடும்மா.’